ஒரே பேருந்து, ஐந்து விதக் கட்டணம்: சென்னையின் பயணச்சீட்டுக் கணக்கு

காலை எட்டரை மணி. முன்புறம் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய ஒரு சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்து நிறுத்தத்தில் வந்து நிற்கிறது. ஐந்து பேர் ஏறுகிறார்கள். அலுவலகம் போகும் ஆண் ஒருவர் சில்லறையை எண்ணிக் கொடுத்துப் பயணச்சீட்டு வாங்குகிறார். அடுத்து நிற்கும் பெண்ணிடம் நடத்துநர் பணம் கேட்பதில்லை. ஆனாலும் ஒரு சீட்டு கொடுக்கிறார். அவர் இடுப்பில் இருக்கும் நான்கு வயதுக் குழந்தைக்குச் சீட்டே இல்லை. வெள்ளை வேட்டி கட்டிய முதியவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்து வைத்த டோக்கனை எடுத்து நீட்டுகிறார். பள்ளிச் சீருடை அணிந்த மாணவன் கழுத்தில் தொங்கும் பாஸை உயர்த்திக் காட்டிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்துகொள்கிறான். ஐவரும் ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில்தான் இறங்கப்போகிறார்கள்.

இந்தக் காட்சியை நாள்தோறும் பார்க்கிற நாம், இதைப் பற்றிப் பேசும்போது மட்டும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். "பஸ் இலவசம், ரயில் மலிவு, மெட்ரோ விலை அதிகம்" என்ற மூன்று சொற்றொடர்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பாஸ் எடுத்தால் எப்போதும் லாபம் என்று நம்புகிறவர்களும், இலவசப் பயணத்தால் போக்குவரத்துக் கழகத்துக்கு அந்தப் பெண் பயணி ஒரு காசும் ஈட்டித் தருவதில்லை என்று நம்புகிறவர்களும் நம்மிடையே நிறையப் பேர். இரண்டு நம்பிக்கைகளும் தவறு. ஏன் தவறு என்பதைப் புரிந்துகொள்ளக் கட்டணம் எப்படி அமைகிறது என்பதையும், அதில் குறையும் பணத்தை யார் ஏற்கிறார்கள் என்பதையும் அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

ஆடித் தள்ளுபடியும் ரேஷன் அரிசியும்

ஆடி மாதத்தில் துணிக்கடைக்காரர் நூறு ரூபாய்ச் சட்டையை எழுபது ரூபாய்க்குக் கொடுக்கிறார். முப்பது ரூபாயை அவரே விட்டுக்கொடுக்கிறார். அப்படிச் செய்வதில் அவருக்கு ஒரு காரியம் இருக்கிறது. பழைய சரக்கு தீரும், கூட்டம் வரும். அந்த விலை கடைக்கு வரும் யாருக்கும் உண்டு. ரேஷன் கடை அரிசி அப்படிப்பட்டதன்று. அட்டையைக் காட்டினால்தான் கிடைக்கும்; அட்டையின் வகையைப் பொறுத்துதான் அளவு. அரிசிக்கு நாம் பணம் தராவிட்டாலும் அந்த அரிசியை விளைவித்த விவசாயிக்கும் ஏற்றி வந்த லாரிக்கும் யாரோ பணம் தந்திருக்கிறார்கள். அந்த யாரோ, அரசு.

போக்குவரத்திலும் இந்த இரண்டு வகைகளும் இருக்கின்றன. பயணத்துக்கென்று அறிவிக்கப்பட்ட முழுத் தொகை கட்டணம். நீங்கள் யார் என்பதைப் பார்த்து, அதாவது வயது, பாலினம், மாணவர் நிலை, உடற்குறை போன்றவற்றைப் பார்த்துக் குறைக்கப்படுவது சலுகை. நீங்கள் எப்படிப் பணம் செலுத்துகிறீர்கள், எப்போது பயணம் செய்கிறீர்கள், எவ்வளவு மொத்தமாக வாங்குகிறீர்கள் என்பதைப் பார்த்துக் குறைக்கப்படுவது தள்ளுபடி. சலுகையால் குறையும் பணத்தைப் பெரும்பாலும் அரசு மானியமாகத் தருகிறது. தள்ளுபடியால் குறையும் பணத்தை வண்டியை ஓட்டும் நிறுவனம் தன் ஆதாயத்தை எண்ணித் தானே ஏற்கிறது.

சுருக்கமாக: ரேஷன் அரிசி போன்றது சலுகை, ஆடி விலை போன்றது தள்ளுபடி. இரண்டையும் பிரித்தறிவதற்கு "குறையும் பணத்தை யார் கொடுக்கிறார்கள்?" என்ற ஒரே கேள்வி போதும். இந்தக் கட்டுரை முழுவதும் அதே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறோம்.

ஸ்டேஜ் என்னும் அளவுகோல்

பேருந்துக் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தூரம் ஆட்டோ மீட்டர் போல மீட்டர் மீட்டராக அளக்கப்படுவதில்லை. வழித்தடம் முழுவதும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்டேஜ் என்று பெயர். ஒரு ஸ்டேஜுக்குள் சில நிறுத்தங்கள் இருக்கலாம். நீங்கள் எத்தனை ஸ்டேஜ் கடக்கிறீர்கள் என்பதே கட்டணத்தைத் தீர்மானிக்கிறது.

படியில் அளந்து மட்டுமே விற்கும் கடைக்குப் போய் ஒன்றேகால் படி அரிசி கேட்டால் என்ன ஆகும்? இரண்டு படிக்குப் பணம் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஸ்டேஜும் அப்படித்தான். ஸ்டேஜின் நடுவில் இருக்கும் நிறுத்தத்தில் ஏறினால் கணக்கு அந்த ஸ்டேஜின் தொடக்கத்திலிருந்து எழுதப்படும். நடுவில் இறங்கினால் அதன் முடிவுவரை எழுதப்படும். "நான்கு நிறுத்தம் போனேன், அவரும் நான்கு நிறுத்தம்தான் போனார், எனக்கு மட்டும் ஏன் கூடுதல்?" என்று நடத்துநரிடம் மல்லுக்கு நிற்கும் பயணிகளை நாம் பார்த்திருப்போம். இருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஒருவருடைய நான்கு நிறுத்தங்கள் ஒரே ஸ்டேஜுக்குள் அடங்கியிருக்கும், மற்றவருடையது எல்லைக் கோட்டைத் தாண்டியிருக்கும். நடத்துநர் மேல் தவறில்லை.

மெட்ரோவிலும் இதே முறைதான், துண்டுகள் மட்டும் பெரியவை. சென்னை மெட்ரோவில் 2021 பிப்ரவரியில் கட்டணம் குறைக்கப்பட்டபோது அறிவிக்கப்பட்ட பட்டியல் இது: 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய், 2 முதல் 5 வரை 20, 5 முதல் 12 வரை 30, 12 முதல் 21 வரை 40, அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 50 ரூபாய். இந்தப் பட்டியலை ஒரு முறை பொறுமையாகப் படித்தால் ஒரு செய்தி கண்ணில் படும். ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பயணம் செய்பவர் 20 ரூபாய் தருகிறார். சற்றுக் கூடுதலாகச் செல்பவர் 30 ரூபாய் தருகிறார். கூடிய தூரம் சில நூறு மீட்டர்தான் என்றாலும் கூடிய பணம் பத்து ரூபாய். நடக்கும் தெம்பு இருப்பவர்கள் ஒரு நிலையம் முன்னதாக இறங்கினால் என்ன கட்டணம் என்று பார்த்துக்கொள்வது இதனால்தான் பயனுள்ளது.

நீளப் பயணம் ஏன் மலிவாகிறது?

அதே மெட்ரோப் பட்டியலைக் கிலோமீட்டர்க் கணக்காக மாற்றிப் பாருங்கள். 2 கிலோமீட்டருக்கு 10 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய். 5 கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்றால் 4 ரூபாய். 12 கிலோமீட்டருக்கு 30 என்றால் இரண்டரை ரூபாய். 21 கிலோமீட்டருக்கு 40 என்றால் இரண்டு ரூபாய்க்கும் கீழே வந்துவிடுகிறது. தூரம் கூடக் கூடக் கிலோமீட்டர் விலை இறங்கும் இந்த அமைப்பைக் குறைந்துசெல் கட்டணம் என்று சொல்லலாம்.

அரிசி மண்டியில் இது நமக்குப் பழக்கமானதுதான். ஒரு கிலோவாக வாங்குகிறவருக்கு ஒரு விலை, சிப்பமாக வாங்குகிறவருக்குக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த விலை. பயணத்தில் இதற்குக் கூடுதலான நியாயம் உண்டு. ஒருவரை நிலையத்துக்குள் அனுமதித்து, சீட்டு வழங்கி, பாதுகாப்புச் சோதனை செய்து, நடைமேடைக்குக் கொண்டுவருவதற்கு ஆகும் செலவு அவர் இரண்டு கிலோமீட்டர் போனாலும் இருபது கிலோமீட்டர் போனாலும் ஒன்றேதான். அந்தத் தொடக்கச் செலவு குறுகிய பயணத்தின் தலையில் முழுதாக விழுகிறது. நீண்ட பயணத்தில் பரவிக் கரைந்துவிடுகிறது. நகரத்தின் விளிம்புகளில் வாடகை குறைவு என்பதற்காகக் குடியேறி, வேலைக்காக நெடுந்தூரம் வருகிறவர்களைக் காப்பதும் இந்த அமைப்பின் நோக்கங்களில் ஒன்று.

ஆனால் இந்த நன்மை ஓர் இடத்தில் முறிந்துபோகிறது. அதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வண்டி மாறும்போது கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. மெட்ரோவில் 20 கிலோமீட்டரை ஒரே பயணமாகச் சென்றால் 40 ரூபாய். அதையே நடுவில் ஒரு முறை வெளியே வந்து, பத்துப் பத்துக் கிலோமீட்டராக இரண்டு பயணங்களாகச் சென்றால் 30-ம் 30-ம் சேர்த்து 60 ரூபாய். தூரம் அதேதான். பேருந்தில் இறங்கி மெட்ரோ ஏறி, மெட்ரோவில் இறங்கி இன்னொரு பேருந்து ஏறுகிறவருக்கு இந்த முதல் துண்டின் கனத்த விலை மூன்று முறை விழுகிறது. இதை மாறுதல் சுமை என்று அழைக்கலாம். நேரடிப் பேருந்து இருக்கும் தெருவில் வசிப்பவரைவிட, நேரடி வண்டி இல்லாத தெருவில் வசிப்பவர் அதே தூரத்துக்கு அதிகம் தருகிறார். காத்திருப்பும் அவருக்குத்தான் அதிகம். வசதி குறைந்தவரே கூடுதல் விலையும் கொடுக்கிறார் என்பது இதில் வருத்தப்பட வேண்டிய விஷயம்.

2025 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட 'சென்னை ஒன்று' செயலி பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே கியூஆர் சீட்டைத் தருகிறது. வரிசையில் நிற்கும் வேலையைக் குறைக்கும் நல்ல முயற்சி இது. ஆனால் ஒரே சீட்டு என்பதும் ஒரே கட்டணம் என்பதும் வெவ்வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று வண்டிகளின் கட்டணங்களையும் கூட்டி ஒரே தாளில் எழுதுவதால் மாறுதல் சுமை நீங்கிவிடாது. சிங்கப்பூரில் 2010 முதல் வேறு முறை பின்பற்றப்படுகிறது. பேருந்திலிருந்து ரயிலுக்கும் ரயிலிலிருந்து பேருந்துக்கும் குறிப்பிட்ட நேரத்துக்குள் மாறினால், மொத்தத் தூரமும் ஒரே பயணமாகக் கருதப்பட்டுக் கட்டணம் கணக்கிடப்படுகிறது. இறங்கும்போதும் அட்டையைத் தட்டிவிட்டு இறங்க வேண்டும் என்று அங்குள்ளவர்கள் புதியவர்களுக்கு மறக்காமல் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணம் இதுதான். எங்கே இறங்கினீர்கள் என்பது தெரிந்தால்தான் தூரத்தைச் சேர்த்துக் கணக்கிட முடியும்.

இதுவரை பார்த்தவை: கட்டணம் துண்டுகளாகக் கணக்கிடப்படுகிறது, முதல் துண்டு விலை மிகுந்தது, அடுத்தடுத்தவை மலிவானவை, வண்டி மாறினால் மறுபடி முதல் துண்டு.

பலகையைப் பார்த்து ஏறுவது

ஒரே வழித்தட எண், ஒரே தூரம், ஆனால் வேறு விலை. இதற்குக் காரணம் சேவை வகை. சாதாரணப் பேருந்து, விரைவுப் பேருந்து, சொகுசுப் பேருந்து, குளிர்சாதனப் பேருந்து என்று மாநகரப் பேருந்துகளில் வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணப் பட்டியல். சாதாரணப் பேருந்தை மக்கள் 'வெள்ளைப் பலகை' என்றே சொல்கிறார்கள். அந்த வண்டிகளின் முன்புறமும் பின்புறமும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசும் பணி 2022-இல் தொடங்கியதால் இப்போது 'பிங்க் பஸ்' என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. தூரத்தில் வரும்போதே அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

மாலை நேரத்தில் ஏதாவதொரு பெரிய நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கையில் டிபன் கூடையோடு நிற்கும் பெண் ஒருவர், தான் போக வேண்டிய ஊரின் பெயர் எழுதிய சொகுசுப் பேருந்தை ஏற இடமிருந்தும் போகவிடுகிறார். அடுத்ததும் சொகுசுப் பேருந்தே. அதையும் விடுகிறார். மூன்றாவதாக நெரிசலோடு வரும் வெள்ளைப் பலகைக்குள் முண்டியடித்து ஏறுகிறார். வெளியூரிலிருந்து வந்தவருக்கு இது விளங்காது. அவர் மிச்சப்படுத்தியது பயணக் கட்டணத்தை. கொடுத்தது இருபது நிமிட நேரத்தை. கட்டணம் பூஜ்யமானாலும் விலை முழுதாக மறைந்துவிடுவதில்லை, காத்திருப்பாக மாறி நிற்கிறது. ஒரு வழித்தடத்தில் எத்தனை வெள்ளைப் பலகைகள் ஓடுகின்றன என்பதைப் பொறுத்தே அங்கே இலவசத்தின் உண்மையான மதிப்பு அமைகிறது.

சலுகைகள்: யாருக்கு, எந்த வண்டியில்

பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8 அன்று நடைமுறைக்கு வந்தது. முதலமைச்சராக மு.க. ஸ்டாலின் பதவியேற்ற நாளில் கையெழுத்திட்ட ஆணைகளில் இதுவும் ஒன்று. பின்னர் திருநங்கையர், மாற்றுத்திறனாளிகள், அவர்களுக்குத் துணையாக வருபவர் ஆகியோருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இப்போது இதன் பெயர் 'விடியல் பயணம்'. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, இதனால் ஒரு பெண் மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துவதாகக் கண்டது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் பூ வியாபாரத்துக்கும் போகிறவர்களின் வருமானத்தில் அந்தத் தொகை எவ்வளவு பெரியது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் தொடக்கத்தில் சொன்ன அந்தச் சீட்டுக்கு விடை கிடைக்கிறது. பணம் வாங்காதபோது பெண்ணுக்கு ஏன் சீட்டு கொடுக்க வேண்டும்? ரேஷன் கடையில் விலையில்லா அரிசிக்கும் பில் போடுவது போலத்தான். எத்தனை பேர், எங்கிருந்து எங்கே பயணம் செய்தார்கள் என்ற கணக்கு அந்தச் சீட்டில் பதிவாகிறது. கழகத்துக்கு ஏற்படும் வருவாய் இழப்பை அரசு மானியமாக ஈடுசெய்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இதற்கென மாநிலம் முழுவதற்கும் 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆகவே அந்தப் பெண் ஏறுவதால் கழகத்துக்கு வருவாய் இல்லை என்பது சரியன்று. வருவாய் வேறு வழியாக வருகிறது. அவசரத்தில் சீட்டை வாங்காமல் போகும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்தச் சின்னத் தாள்தான் அவர்கள் பயணம் செய்தார்கள் என்பதற்கான சாட்சி. எந்தத் தடத்தில் எவ்வளவு கூட்டம் இருக்கிறது என்பதை அறியவும் அதுவே ஆதாரம்.

60 வயது கடந்த சென்னைவாசிகளுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன்கள் கொடுக்கும் திட்டம் 2016 பிப்ரவரியில் தொடங்கியது. டோக்கன்கள் ஆறு மாதத்துக்குச் சேர்த்து மொத்தமாக வழங்கப்படுகின்றன. குளிர்சாதனப் பேருந்துகளில் அவை செல்லாது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூத்த பெண்மணி ஒருவர் வெள்ளைப் பலகையில் டோக்கனே இல்லாமல் போகலாம். ஆகவே அவர் தம் டோக்கன்களை விரைவு, சொகுசுப் பேருந்துகளுக்கு என்று ஒதுக்கிவைத்துக்கொண்டால் இரண்டு சலுகைகளும் முழுதாகப் பயன்படும். வீட்டில் பாட்டி இருப்பவர்கள் இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பாஸ் உண்டு. மாணவர் சலுகைக்கான செலவையும் அரசுதான் மானியமாக ஏற்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் மூன்று போக்குவரத்துகளும் மூன்று விதம். அரசுப் பேருந்தில் 5 வயது வரை சீட்டு தேவையில்லை. முன்பு இந்த வரம்பு 3 வயதாக இருந்தது, 2022-இல் உயர்த்தப்பட்டது. 12 வயது வரை அரைக் கட்டணம். புறநகர் ரயிலில் 5 வயதுக்குக் கீழே இலவசம், 5 முதல் 12-க்குள் அரைக் கட்டணம். மெட்ரோவில் வயதைக் கேட்பதே இல்லை. உயரம் 90 சென்டிமீட்டருக்குள் இருந்தால் இலவசம், அதற்கு மேல் முழுக் கட்டணம். சராசரி வளர்ச்சியுள்ள குழந்தை மூன்று வயதை எட்டும் முன்பே அந்த உயரத்தைத் தாண்டிவிடும் என்பதால், பேருந்தில் இலவசமாக வந்த அதே பிள்ளைக்கு மெட்ரோவில் சீட்டு எடுக்க வேண்டியிருப்பது கண்டு பெற்றோர் திகைக்கிறார்கள். பெண்களுக்கோ மூத்த குடிமக்களுக்கோ மெட்ரோவில் தனிக் கட்டணம் கிடையாது. அங்கே இருப்பவை பெரும்பாலும் தள்ளுபடிகள்தாம்.

தள்ளுபடிகள்: நிறுவனம் எதை வாங்குகிறது?

சென்னை மெட்ரோவில் பயண அட்டை வழியாகவோ கைபேசிக் கியூஆர் சீட்டு வழியாகவோ சென்றால் கட்டணத்தில் 20 விழுக்காடு குறைகிறது. 10 ரூபாய்ப் பயணம் 8, 30 ரூபாய்ப் பயணம் 24, 50 ரூபாய்ப் பயணம் 40. கவுன்ட்டரில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர் முழுக் கட்டணம் தருகிறார். ஏழை பணக்காரர், ஆண் பெண் என்ற பேச்சே இங்கில்லை. எப்படிப் பணம் கொடுத்தீர்கள் என்பது மட்டுமே கேள்வி. நிறுவனம் ஏன் தன் வருவாயை விட்டுக்கொடுக்கிறது? கவுன்ட்டரில் ஆள் வைக்க வேண்டும், சில்லறை வைத்திருக்க வேண்டும், ரொக்கத்தை எண்ணி வங்கிக்குக் கொண்டுசெல்ல வேண்டும், காலை நேர வரிசையைச் சமாளிக்க வேண்டும். உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் தொகையால் அந்த வேலைகளைக் குறைத்துக்கொள்ள நினைக்கிறது. 2023-இல் நிறுவன நாளை முன்னிட்டு எவ்வளவு தூரமானாலும் ஒரு பயணம் 5 ரூபாய் என்று அறிவித்தபோதும், அது கைபேசிவழிச் சீட்டுகளுக்கு மட்டுமே என்று நிபந்தனை வைத்ததன் பொருள் இதுதான். புதிய பழக்கத்தை ஒரு முறை செய்துபார்க்க வைப்பதற்கான அழைப்பு அது.

2023 ஏப்ரலில் மெட்ரோவில் அறிமுகமான 'சிங்காரச் சென்னை' அட்டை 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்திலும் ஏற்கப்படுகிறது. இது தேசிய பொது இயக்க அட்டை வகையைச் சேர்ந்தது. அதாவது ஒரு நகரத்துக்கென்று இல்லாமல், அதை ஏற்கும் எந்த நகரத்துப் போக்குவரத்திலும் பயன்படுத்தக்கூடிய அட்டை. அட்டை ஒன்றே என்பதால் தள்ளுபடியும் எங்கும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. அது பணப்பை மட்டுமே. எவ்வளவு எடுப்பது என்பதை அந்தந்த நிறுவனத்தின் விதி தீர்மானிக்கிறது.

நேரத்தைப் பொறுத்த தள்ளுபடியும் உண்டு. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தின் வாடகையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். அதே மண்டபம் ஆடி மாதத்தில் காலியாகக் கிடக்கும்போது பேரம் பேசலாம். மண்டபம் கட்டிய செலவு இரண்டு நாட்களுக்கும் ஒன்றே. மெட்ரோ ரயிலுக்கும் காலை எட்டரையும் மாலை ஆறும் முகூர்த்த வேளை. அந்த உச்ச நேரக் கூட்டத்துக்காகவே பெட்டிகள் வாங்கப்படுகின்றன, நண்பகலில் அவை பாதி காலியாக ஓடுகின்றன. டெல்லி மெட்ரோவில் அட்டைக்கு வழக்கமான 10 விழுக்காட்டோடு, காலை எட்டு மணிக்கு முன்பும், நண்பகல் பன்னிரண்டு முதல் மாலை ஐந்து வரையும், இரவு ஒன்பதுக்குப் பின்பும் மேலும் 10 விழுக்காடு குறைக்கப்படுவது இந்தக் காலி இடங்களை நிரப்புவதற்காகவே. வேலை நேரத்தைத் தாமே தீர்மானிக்க முடியாத தொழிலாளிக்கு இந்தத் தள்ளுபடி எட்டாது என்ற குறையும் இதில் இருக்கிறது.

பாஸும் சீசன் டிக்கெட்டும்: பால் அட்டைக் கணக்கு

ஆவின் பால் அட்டை வைத்திருப்பவருக்குப் பாக்கெட்டின் விலை கடை விலையைவிடக் குறைவு. மாதம் முழுவதும் வாங்குவேன் என்று முன்பணம் கட்டுகிறார், நிறுவனம் விலையைக் குறைக்கிறது. ஊருக்குப் போய்விட்டால் நட்டம் அவருடையது. பாஸ் என்பது இதே ஒப்பந்தம்.

மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய் மாதப் பாஸ் வாங்கினால் குளிர்சாதனப் பேருந்து நீங்கலாக எந்தப் பேருந்திலும் எத்தனை முறையும் ஏறலாம். இதன் பெயரே 'விருப்பம்போல் பயணம்'. 2025 மார்ச்சில் குளிர்சாதனப் பேருந்துகளையும் சேர்த்து 2,000 ரூபாய்ப் பாஸ் ஒன்றும் அறிமுகமானது. இவற்றை வாங்கலாமா என்று தீர்மானிக்கச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். தினச்சீட்டுச் செலவும் பாஸ் விலையும் சமமாகும் இடத்துக்கு அந்தப் பெயர். மாதம் 25 வேலை நாட்கள் என்றால் 1,000-ஐ 25-ஆல் வகுத்தால் 40 வரும். ஒரு நாளைக்குப் போகவரச் சீட்டுச் செலவு 40 ரூபாயைத் தாண்டினால் பாஸ் லாபம், தாண்டாவிட்டால் நட்டம். வாரம் மூன்று நாள் மட்டும் அலுவலகம் போகிறவருக்கு மாதத்தில் 12 அல்லது 13 நாட்கள்தான். அவருடைய சமநிலைப் புள்ளி நாளொன்றுக்கு ஏறக்குறைய 80 ரூபாயாக ஏறிவிடும். வெள்ளைப் பலகையிலேயே போய்வரும் பெண்ணுக்குப் பாஸ் தேவையே இல்லை.

இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடுவது மாறுதல் சுமையை. இரண்டு பேருந்து மாறிப் போகிறவர் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முதல் துண்டின் விலையைத் தருகிறார் என்று பார்த்தோம். பாஸ் அந்தச் சுமையை அடியோடு நீக்கிவிடுகிறது. நேரடி வண்டிக்காக அரைமணி காத்திருப்பதற்குப் பதில், பாதி வழி போகும் வண்டியில் ஏறி அங்கிருந்து வேறொன்றில் மாறிக்கொள்ளலாம். கூடுதல் காசு இல்லை. என் பார்வையில் பாஸின் பெரிய பயன் இதுதான். பாஸ் வாங்கும்போது அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். கவுன்ட்டரில் விற்கப்படும் பாஸ் 16-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 15-இல் முடிவது நெடுநாள் வழக்கம். 22-ஆம் தேதி வாங்குகிறவர் முழு விலை கொடுத்து ஒரு வாரத்தை இழக்கிறார்.

புறநகர் ரயிலின் சீசன் டிக்கெட் இவை எல்லாவற்றிலும் தாராளமானது. இரண்டாம் வகுப்பு மாதச் சீசனின் விலை, ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணத்தை அடிப்படையாகக் கொண்டது. 25 நாட்கள் போய்வருகிறவர் செய்வது 50 பயணங்கள்; அவர் தருவது 15 பயணங்களின் அளவுக்கான பணம். அதாவது எட்டாவது நாளே போட்ட பணம் திரும்பிவிடுகிறது. மூன்று மாதச் சீசன் மாத விலையைப்போல 2.7 மடங்கு, ஆறு மாதம் 5.4 மடங்கு, ஓராண்டு 10.8 மடங்கு. மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்குகிறவருக்கு மேலும் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அதற்குமேல் ஓராண்டுக்கு வாங்கினாலும் அதே பத்தில் ஒரு பங்குதான், கூடுதல் ஆதாயம் இல்லை. எனவே வேலையோ வீடோ மாறக்கூடும் என்று நினைப்பவர்கள் மூன்று மாதச் சீசனோடு நிறுத்திக்கொள்வதே சரி.

சுருக்கமாக: பேருந்துப் பாஸுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க வேண்டும். ரயில் சீசனுக்கு மாதத்தில் எட்டு நாட்கள் போய்வருவீர்களா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள்?

பேருந்துக் கட்டணத்தை மாநில அரசு நிர்ணயிக்கிறது. 2018 ஜனவரி 20 அன்று கட்டணம் உயர்த்தப்பட்டதும் மாநிலமெங்கும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பத்து நாட்களுக்குள் அந்த உயர்வில் ஒரு சிறு பகுதி குறைக்கப்பட்டது. டீசல் விலை உயர்வைப் பயணிகள்மேல் ஏற்றாமல் இருப்பதற்காக அரசு கழகங்களுக்கு டீசல் மானியமும் தருகிறது. புறநகர் ரயில் கட்டணம் ரயில்வே அமைச்சகத்தின் கையில். மெட்ரோவுக்கு 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் தலைமையில் கட்டண நிர்ணயக் குழு அமைக்கப்படலாம். பெங்களூரு மெட்ரோவில் 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயானது அப்படியொரு குழுவின் பரிந்துரையால்தான்.

நாம் முழுக் கட்டணம் என்று சொல்வதும் பயணத்தின் முழுச் செலவாகிவிடாது. ரயில் முன்பதிவுச் சீட்டில், பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காட்டை மட்டுமே ரயில்வே வசூலிக்கிறது என்று ஒரு வரி அச்சிடப்பட்டு வந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். பயணிகள் பிரிவில் ஏற்படும் பற்றாக்குறையைச் சரக்கு ரயில்களின் வருவாய் ஈடுகட்டுகிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 10 ரூபாய்க்குப் போக முடிகிறதென்றால், அந்தச் செலவின் ஒரு பகுதியை எங்கோ ஓடும் நிலக்கரி வண்டி சுமக்கிறது என்று பொருள். மெட்ரோவுக்குச் சரக்கு வண்டிகள் இல்லை. சுரங்கம் தோண்டி, குளிர்சாதன வசதி செய்து, வெளிநாட்டுக் கடன் வாங்கிக் கட்டிய அமைப்பு அது. ரயிலையும் மெட்ரோவையும் விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டு ஒன்றை நேர்மையானது, மற்றதைக் கொள்ளை என்று பேசுவது இதனால்தான் பொருந்தாது.

ஒரு வீட்டின் கணக்கு

தாம்பரத்தில் வாழும் நால்வர் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா வாரத்தில் ஆறு நாள் பாரிமுனைக்கு வேலைக்குப் போகிறார். அவருக்கு மூன்று மாத ரயில் சீசன். அம்மா பக்கத்துப் பகுதிக்கு வெள்ளைப் பலகையில் போய்வருகிறார். அவருக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை, சீட்டை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். கல்லூரி முடித்த மகன் வாரத்தில் மூன்று நாள் மெட்ரோவில் 12 கிலோமீட்டருக்குள் பயணம் செய்கிறான். கைபேசிச் சீட்டில் ஒரு வழிக்கு 24 ரூபாய், மாதம் 13 நாட்களுக்கு 624 ரூபாய். கவுன்ட்டரில் வாங்கினால் 780. தாத்தாவிடம் பத்து டோக்கன்கள் இருக்கின்றன. மருத்துவமனைக்கு இரண்டு முறை போய்வந்ததில் நான்கு தீர்ந்துவிட்டன, மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மீதி ஆறையும் பேத்தி வீட்டுக்குப் போய்வர வைத்திருக்கிறார்.